சுருக்குவது வேகம், படிப்பது தாமதம்: ஆர்க்கைவ் மென்பொருளும் இணை வாசிப்பும்

லினக்ஸ் கர்னலின் மூல நிரலை இறக்கி விரித்தால் சுமார் 80,000 கோப்புகள் கிடைக்கும். மொத்தம் 1.3 ஜிபி என்று வைத்துக்கொண்டால், ஒரு கோப்பு சராசரியாக 16 கேபி. இதே 1.3 ஜிபி ஒரே வீடியோக் கோப்பாக இருந்தால், வினாடிக்கு 150 எம்பி படிக்கும் ஹார்ட் டிஸ்க் அதை 9 வினாடியில் படித்து முடித்துவிடும். 80,000 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் கதையே வேறு. 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.33 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி. ஹெட் நகர்வதற்கு இன்னொரு 8 மில்லிவினாடி. கோப்புக்கு 12 மில்லிவினாடி என்றால் 80,000 கோப்புகளுக்கு 960 வினாடி, அதாவது 16 நிமிடம். ஒவ்வொரு கோப்புக்கும் ஹெட் புதிதாகத் தாவ வேண்டியிருக்கும் மிக மோசமான நிலைக்கான கணக்கு இது. பக்கத்துப் பக்கத்துக் கோப்புகள் தட்டிலும் பக்கத்தில் இருந்தால் நேரம் நன்றாகவே குறையும். ஆனால் 9 வினாடிக்கும் 16 நிமிடத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆர்க்கைவ் வேலையை வேகப்படுத்துவது என்றாலே பலருக்கும் முதலில் தோன்றுவது சுருக்கும் பகுதியைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். கடந்த இருபது ஆண்டுகளில் அந்தப் பக்கத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கோப்புகளைத் திறந்து படிக்கும் பக்கத்தை யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைய கணினிகளில் பெரும்பாலான நேரம் வீணாவது அங்கேதான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், எந்த டிஸ்க்கில் எது பலிக்கும் என்பதையும் பார்ப்போம்.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் நிரல் 1979 ஜனவரியில் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவுக்காக எழுதப்பட்டது. அதன் வடிவம் இன்றும் அந்த நாடாவின் வடிவம்தான்: ஒவ்வொரு கோப்புக்கும் 512 பைட் தலைப்பு, பிறகு உள்ளடக்கம், 512இன் மடங்காக நிரப்பச் சில சுழியங்கள், அடுத்த கோப்பின் தலைப்பு. 20 பிளாக்குகள் சேர்த்து 10,240 பைட்டாக எழுதுவதே வழக்கம். நிரலின் உட்புறமும் அப்படியே: ஒரு கோப்பைத் திற, படி, எழுது, மூடு, அடுத்ததற்குப் போ. நாடாவில் எழுத இது போதுமானதாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தரவு தொடர்ந்து வராவிட்டால் நாடா நின்று, பின்னால் உருண்டு, மறுபடி முன்னால் ஓட வேண்டும்; வேகமும் போகும், நாடாவும் தேயும். இந்தச் சிக்கலை முதலில் நேராக எதிர்கொண்டவர்களில் ஒருவர் யார்க் ஷில்லிங். அவர் 1982இல் தொடங்கிய ஸ்டார் என்ற நிரலில் இரண்டு செயல்கள் ஒரு பொது மெமரியைப் பகிர்ந்துகொள்ளும்: ஒன்று கோப்புகளைப் படித்து வளைய பஃபரை நிரப்பிக்கொண்டே இருக்கும், மற்றொன்று அதிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டே இருக்கும். படிப்பதும் எழுதுவதும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து நடக்கும். இணை வாசிப்பின் முதல் படி இதுதான். ஆனால் படிக்கும் பக்கத்தில் அப்போதும் ஒரே ஆள்.

சுருக்கும் பக்கத்துக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஏறக்குறைய முடிந்த கதை. 1992இல் வந்த ஜிஜிப் ஒற்றைக் கோரில் ஓடுவது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் அட்லரே 2007இல் பிக்ஸ் என்ற இணை வடிவத்தைத் தந்தார். அது தரவை 128 கேபி துண்டுகளாக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கிறது. முந்தைய துண்டின் கடைசி 32 கேபியை அகராதியாக அடுத்த துண்டுக்குக் கொடுப்பதால் சுருக்க அளவு பெரிதாகக் கெடுவதில்லை. பிஜிப்2 இயல்பிலேயே 900 கேபி வரையிலான தனித்தனி பிளாக்குகளால் ஆனது என்பதால் அதைப் பிரிப்பது இன்னும் எளிது. எக்ஸ்இசட் 2014இன் இறுதியில் வந்த 5.2 பதிப்பில் பல த்ரெட்களில் சுருக்கவும், 2022இன் இறுதியில் வந்த 5.4இல் பல த்ரெட்களில் விரிக்கவும் கற்றுக்கொண்டது. யான் கோலே உருவாக்கி 2016இல் 1.0 பதிப்பாக வெளிவந்த இசட்ஸ்டாண்டர்ட், ஒற்றைக் கோரிலேயே வினாடிக்குச் சில நூறு எம்பி சுருக்கும். எட்டுக் கோர் கொடுத்தால் ஜிபி கணக்கில் விழுங்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் திருப்பம் இருக்கிறது. ஜிஜிப் ஒற்றைக் கோரில் வினாடிக்குச் சில பத்து எம்பி மட்டுமே சுருக்கிய காலத்தில், டிஸ்க்கின் தாமதம் அதற்குப் பின்னால் மறைந்து கிடந்தது. சுருக்குவது வேகமானவுடன் மறைப்பு விலகிவிட்டது. இப்போது கோர்கள் பசியோடு காத்திருக்கின்றன. இரை போடும் கை ஒன்றே ஒன்று.

அந்தக் கை எவ்வளவு மெதுவானது என்று ஒரு நல்ல எஸ்எஸ்டியை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபிளாஷிலிருந்து ஒரு சிறு துண்டைப் படிக்க 80 மைக்ரோவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் விவரம் அடங்கிய இனோடுக்கு ஒரு வாசிப்பு, உள்ளடக்கத்துக்கு ஒரு வாசிப்பு. கோப்புக்கு 160 மைக்ரோவினாடி. 80,000 கோப்புகளுக்கு 12.8 வினாடி. 1.3 ஜிபியை அதால் வகுத்தால் வினாடிக்கு 100 எம்பி. பெட்டியில் 7,000 எம்பி என்று அச்சிட்ட டிஸ்க்கிலிருந்து 100 எம்பிதான் வருகிறது. டிஸ்க் பழுதில்லை, நிரலிலும் பிழையில்லை. ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகக் கடைக்கு ஓடிச் சாம்பார் வைப்பது போன்ற வேலை முறைதான் காரணம். பட்டியலை ஒரே முறையில் கொடுத்தால் கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இதை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது: ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, வேலை முடியும் வேகத்தை ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். ஒரு வாசிப்பின் 80 மைக்ரோவினாடியை நாம் குறைக்க முடியாது. அது ஃபிளாஷின் இயற்பியல். வேகம் வேண்டுமானால் நிலுவையைக் கூட்ட வேண்டும். எஸ்எஸ்டியின் உள்ளே பல சேனல்கள், ஒவ்வொன்றிலும் பல சில்லுகள்; ஒரு கேள்வி மட்டும் வந்தால் ஒரு சில்லு வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். 16 கேள்விகள் நிலுவையில் இருந்தால் மேலே சொன்ன 12.8 வினாடி ஒரு வினாடிக்கும் கீழே இறங்க வாய்ப்பிருக்கிறது. பழைய சாட்டா டிஸ்க்குகளுக்கான ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் முதல் பதிப்பு வந்த என்விஎம்இ முறையில் அறுபத்தைந்தாயிரம் வரிசைகள் வரை வைக்கலாம், ஒவ்வொரு வரிசையிலும் அதே அளவு கட்டளைகள் நிற்கலாம். அத்தனை பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கும் டிஸ்க்கிடம் டார் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறது.

இயங்குதளம் முன்கூட்டியே படித்து வைக்காதா என்று கேட்கலாம். படிக்கும், ஆனால் ஒரு கோப்புக்குள் மட்டும். லினக்ஸ் இயல்பாக 128 கேபி வரை முன்னோக்கிப் படித்து வைக்கிறது. 16 கேபி கோப்பு அதற்குள் முடிந்துவிடும். அடுத்து எந்தக் கோப்பைத் திறக்கப் போகிறோம் என்பது கர்னலுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் ஆர்க்கைவ் நிரல். தெரிந்தும் அது சொல்வதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஸ்எஸ்டிக்குப் பலிக்கும் மருந்தைச் சுழலும் டிஸ்க்குக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. அதில் ஹெட்கள் எல்லாம் ஒரே கையில் பொருத்தப்பட்டு ஒன்றாக நகர்பவை. பதினாறு த்ரெட்கள் பதினாறு பெரிய கோப்புகளை ஒரே நேரத்தில் படித்தால் அந்தக் கை அங்குமிங்கும் அலைந்து, தொடர் வாசிப்பின் வேகம் சரிந்துவிடும். சிறு கோப்புகள் விஷயத்தில் நிலுவையிலுள்ள கேள்விகளை டிஸ்க்கே வரிசை மாற்றி, ஹெட்டின் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளும் என்பதால் ஓரளவு லாபம் உண்டு. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய லாபம் தருவது எண்ணிக்கை அல்ல, ஒழுங்கு.

ஒழுங்கு என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு கோப்புறையைப் பட்டியலிடச் சொன்னால் பெயர்கள் அகர வரிசையிலோ உருவான வரிசையிலோ வருவதில்லை. பெயரின் ஹேஷ் மதிப்பு வரிசையில் வருகின்றன. டிஸ்க்கின் இட அமைப்பைப் பொறுத்தவரை அது குலுக்கிப் போட்ட வரிசை. அதே வரிசையில் கோப்புகளைத் திறந்தால் இனோடு அட்டவணையில் முன்னும் பின்னும் குதிக்க வேண்டும். எக்ஸ்ட்4இல் ஓர் இனோடு வழக்கமாக 256 பைட். ஒரு 4 கேபி பிளாக்கில் 16 இனோடுகள். இனோடு எண் வரிசையில் போனால் ஒரு முறை படித்தது பதினாறு கோப்புகளுக்கு உதவும். மேலும், அடுத்தடுத்த இனோடுகளின் உள்ளடக்கமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறையின் முக்கியக் கர்த்தாவான தியோடர் சோ, கோப்புறைப் பட்டியலை இனோடு எண்படி அடுக்கித் தரும் சிறு நூலகம் ஒன்றை இதற்காகவே எழுதினார். ஜிஎன்யூ டாரிலும் 1.28 பதிப்பிலிருந்து வரிசைப்படுத்தும் தேர்வு உண்டு. பெயர்படியோ இனோடுபடியோ கேட்கலாம். ஒரு சொல் சேர்த்துத் தட்டச்சு செய்தால் போதும். இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இன்னும் ஒரு படி மேலே போக விரும்புவோர், 2008இல் லினக்ஸ் 2.6.28இல் வந்த ஃபைமேப் வசதியால் கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இட வரிசையிலேயே படிக்கலாம்.

நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்குகளில் இணை வாசிப்பின் பலன் எல்லாவற்றையும்விடப் பெரிது. என்எஃப்எஸ் வழியாக ஒரு சிறு கோப்பைப் படிக்கத் தேடித் திறப்பது, படிப்பது, மூடுவது என மூன்று முறையாவது சர்வருக்குப் போய் வர வேண்டும் என்று கொள்வோம். ஒரு போக்குவரத்து அரை மில்லிவினாடி என்றாலும் 80,000 கோப்புகளுக்கு 120 வினாடி. அத்தனை நேரமும் கோர், கேபிள், சர்வர் மூன்றுமே ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. இருபது த்ரெட் போட்டால் நேரம் ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே குறையும். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் டிஸ்க்குகளில் மட்டும் வேறொரு கூரை உண்டு. அமேசானின் ஜிபி3 டிஸ்க் கூடுதல் பணம் கட்டாதவரை வினாடிக்கு 3,000 வாசிப்பு, 125 எம்பி என்ற வரம்போடு வருகிறது. கோப்புக்கு இரண்டு வாசிப்பு என்றால் 1,60,000 வாசிப்புகளுக்கு 53 வினாடி ஆகும். நூறு த்ரெட் போட்டாலும் அதற்குக் கீழே போகாது. அங்கே இனோடு ஒழுங்கால் வாசிப்பின் எண்ணிக்கையையே குறைப்பதுதான் வழி.

மிகப் பெரிய அளவில் இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் அமெரிக்காவின் தேசிய ஆய்வகங்கள். லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ், ஓக் ரிட்ஜ் ஆகியவற்றின் பங்களிப்போடு உருவான எம்பிஐஃபைல்யூட்டில்ஸ் தொகுப்பில் டிடார் என்ற நிரல் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே டார் கோப்பை எழுதும். எப்படி முடிகிறது? டாரின் பழைய நாடா வடிவமே கைகொடுக்கிறது. தலைப்பின் அளவு தெரியும். கோப்பின் அளவு தெரியும். 512இன் மடங்காக்கினால் ஒவ்வொரு கோப்பும் எடுக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஆயிரமாவது கோப்பு எந்த பைட்டில் தொடங்க வேண்டும் என்பது ஒரு பைட்டைக்கூடப் படிக்காமலே கிடைக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் தன் பங்கைத் தன் இடத்தில் நேராக எழுதலாம். இந்த யோசனையின் அழகு என்னை எப்போதும் ஈர்க்கிறது. ஒற்றை நாடாவுக்கு வகுத்த இலக்கணம் ஆயிரம் கைகளுக்கும் பொருந்துகிறது. இதன் பலவீனமும் அங்கேயே: சுருக்கினால் அளவு முன்கூட்டியே தெரியாது, கணக்கிட்ட பிறகு யாராவது கோப்பை மாற்றினாலும் கணக்கு தப்பும்.

டாருக்கு நேர்மாறான அமைப்புள்ள ஜிப் வடிவம் 1989இல் ஃபில் கட்ஸ் தந்தது. அதில் ஒவ்வொரு கோப்பும் தனியாகச் சுருக்கப்படுகிறது; பட்டியல் கடைசியில் இருக்கிறது. விரிக்கும்போது பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். இணை வேலைக்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. விலை என்னவென்றால் ஒத்த கோப்புகளுக்கு இடையிலான பொதுவான பகுதிகளைச் சுருக்க முடியாது.

சரி, தனிக் கணினியில் ஓடும் ஆர்க்கைவ் நிரல் ஒன்றை இன்று எழுதினால் எப்படி அமைய வேண்டும்? மிகத் தெளிவான பதிலை ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறைக்கான நிரலில் பார்க்கலாம். ஃபிலிப் லௌகர் எழுதிப் பராமரிக்கும் மேக்ஸ்குவாஷ்எஃப்எஸ் பல ஆண்டுகளாகவே பல த்ரெட்களில் சுருக்கி வந்தது, ஆனால் படித்தது ஒற்றை த்ரெட். 2025இல் வந்த 4.7 பதிப்பில் படிப்பதும் இணையாக மாறியது. சிறு கோப்புகளுக்குத் தனி வாசக த்ரெட்கள், பெரிய கோப்புகளுக்குத் தனி வாசக த்ரெட்கள் என்று பிரித்திருப்பது அதில் கவனிக்க வேண்டியது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை உணர்ந்து செய்த பிரிவு அது. சிறு கோப்பில் தாமதம்தான் எதிரி. நிலுவையைக் கூட்ட வேண்டும். பெரிய கோப்பில் முன்வாசிப்பு ஏற்கெனவே வேலை செய்கிறது. அங்கே ஆட்களைக் கூட்டினால் மெமரிதான் வீங்கும். காப்புப் பிரதி எடுக்கும் ரெஸ்டிக் நிரல், ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைப் படிக்கலாம் என்பதைப் பயனரிடமே விட்டிருக்கிறது, இயல்பாக 2. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கும் பொருந்தும் அடக்கமான எண் அது.

படித்ததை எழுதும் இடத்தில் ஒழுங்கு காக்கப்பட வேண்டும். எந்தக் கோப்பு முதலில் படித்து முடிந்ததோ அதை முதலில் எழுதினால் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆர்க்கைவ் உருவாகும். ஒரே மூலத்திலிருந்து எப்போதும் ஒரே பைட்டுகள் வர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கும் லினக்ஸ் விநியோகங்களுக்கு அது உதவாது. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, முடிந்தவற்றை மெமரியில் நிறுத்தி, எண் வந்ததும் எழுத வேண்டும். முன்னால் நிற்கும் ஒரு கோப்பு தாமதித்தால் பின்னால் வந்தவை குவியும். அதற்கு ஒரு மெமரி வரம்பு கட்டாயம். திறந்த கோப்புகளுக்கும் வரம்பு உண்டு. பல லினக்ஸ் கணினிகளில் ஒரு செயலுக்கு இயல்பாக 1,024தான். சிறு கோப்பை முழுவதும் மெமரியில் படித்த பிறகே தலைப்பை எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: படிக்கும்போது கோப்பின் அளவு மாறியிருந்தால், தலைப்பில் உண்மையில் படித்த அளவையே போடலாம்.

த்ரெட்களே வேண்டாம், கர்னலிடமே மொத்தமாகக் கேட்கலாம் என்ற வழியும் உண்டு. ஜென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கிய ஐஓ-யூரிங் 2019 மே மாதம் லினக்ஸ் 5.1இல் வந்தது; திறப்பது, விவரம் கேட்பது, மூடுவது ஆகியவற்றையும் பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்கும் வசதி 2020இல் 5.6இல் சேர்ந்தது. ஆனால் திறப்பது போன்ற வேலைகளைக் கர்னல் தன் சொந்தத் துணை த்ரெட்களிடம்தான் தள்ளிவிடுகிறது. ஆகவே ஆர்க்கைவ் வேலையில் சாதாரண த்ரெட் குழுவைவிட மலையளவு வேகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குரோம்ஓஎஸ் இதை நிறுத்தியும் வைத்தது. இன்றைக்கு நான் பரிந்துரைப்பது எளிய த்ரெட் குழுவையே.

விரிக்கும் பக்கம் இன்னும் கடினம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரு டாரில் இருக்கலாம், பின்னால் வருவதே செல்லும். இணையாக எழுதினால் எது பின்னால் என்று உறுதி இல்லை. வெளியே சுட்டும் சிம்லிங்க் ஒன்றை முதலில் வைத்து, அதன் வழியாக அடுத்த கோப்பை எழுதச் செய்வது பழைய தாக்குதல் முறை. ஜிஎன்யூ டார் அப்படிச் சந்தேகத்துக்குரிய சிம்லிங்க்கின் இடத்தில் முதலில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்து, எல்லாம் முடிந்த பிறகே உண்மையான இணைப்பைப் போடுகிறது. இந்த ஒழுங்கை இணை நிரலும் விடாமல் காக்க வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்புறைக்குள் புதுக் கோப்பு உருவாக்கும்போது அந்தக் கோப்புறை பூட்டப்படும் என்பதால், த்ரெட்களைக் கோப்புறைவாரியாகப் பிரிப்பது நல்லது. விண்டோஸில் தாமதம் எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கிறது: எழுதிய கோப்பை மூடும்போது. அந்த நேரத்தில்தான் வைரஸ் தடுப்பு அதைச் சோதிக்கிறது. ரஸ்ட் மொழியின் நிறுவல் கருவியான ரஸ்ட்அப், மூடும் வேலையை மட்டும் த்ரெட் குழுவிடம் ஒப்படைத்தே ஆயிரக்கணக்கான சிறு ஆவணக் கோப்புகளை நிறுவும் நேரத்தைப் பெரிதும் குறைத்தது.

அளந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. ஒரு முறை ஓட்டிய பிறகு கோப்புகள் எல்லாம் மெமரியில் தங்கிவிடும். இரண்டாம் ஓட்டம் எந்த நிரலிலும் வேகமாகத்தான் இருக்கும். கேஷைக் காலி செய்யாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டாவது, ஜிஎன்யூ டார் தன் வெளியீடு எதையும் சேமிக்காமல் விழுங்கும் நல் சாதனத்துக்கு (/dev/null) போகிறது என்று கண்டால் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிப்பதே இல்லை. படிக்கும் வேகத்தை அளக்க அப்படி ஓட்டியவர்கள் அளந்தது வெறும் பட்டியலிடும் நேரத்தை. வெளியீட்டை ஒரு பைப் வழியாக இன்னொரு நிரலுக்கு அனுப்பினால் உண்மை தெரியும்.

நிரலை மாற்ற முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபைண்ட் கட்டளையின் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாகப் பதினாறு செயல்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை படித்துத் தூக்கி எறியச் சொல்லுங்கள். பிறகு வழக்கமான டாரை ஓட்டுங்கள். அது கேட்பதெல்லாம் ஏற்கெனவே மெமரியில் இருக்கும். தரவு மெமரியைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் இது தலைகீழாகும்: முதலில் படித்தது வெளியே தள்ளப்பட்டு, எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்க நேரும்.

இந்தக் கைவேலையை டாருக்குள்ளேயே வைத்துவிட்டால் அந்த ஆபத்தும் இல்லை. எழுதும் இடத்துக்குச் சில நூறு கோப்புகள் முன்னால் ஓடி, சிறியவற்றைத் திறந்து படித்து மெமரியில் வைத்துவிட்டு, வரம்பு எட்டியதும் நின்றுகொள்ளும் எட்டுத் துணை த்ரெட்கள் போதும். ஹார்ட் டிஸ்க் என்றால் அவை இனோடு வரிசையில் ஓடட்டும். முதன்மை த்ரெட் இப்போது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகலாம்; டார் வடிவத்தைத் தொட வேண்டியதில்லை, வெளியே வரும் கோப்பில் ஒரு பைட்டும் மாறாது, பிக்ஸுக்கும் இசட்ஸ்டாண்டர்டுக்கும் இடைவிடாமல் இரை கிடைக்கும்.